இலையைப் பார்க்கும் கண் பிள்ளையையும் பார்க்கட்டும்

(வானொலி உழவர் நிகழ்ச்சியில் ஒலிபரப்பான பேச்சு)



நடவு முடிந்து இருபது, இருபத்தைந்து நாள் ஆகியிருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். காலையில் வரப்பில் நின்று பயிரைப் பார்க்கிறீர்கள். அடி இலை மஞ்சளடித்திருந்தால் தழைச்சத்து போதவில்லை என்று சொல்லிவிடுவீர்கள. இலையில் துருப்பிடித்தாற்போல் பழுப்புப் புள்ளி விழுந்து, பயிர் வளராமல் குட்டையாக நின்றுவிட்டால், ஜிங்க் குறைவு, ஜிங்க் சல்பேட் போடணும் என்பீர்கள். நிலக்கடலையில் குருத்திலை வெளுத்தால் அன்னபேதி உப்பைக் கரைத்துத் தெளிப்பீர்கள். பயிர் வாய் திறந்து பேசாது. இலைதான் அதற்கு வாய்.

நம்ம வீட்டுப் பிள்ளையும் அப்படித்தான். "எனக்கு இன்ன சத்து போதவில்லை அம்மா" என்று சொல்ல அதற்குத் தெரியாது. தோல் சொல்லும், கண் சொல்லும், உதடும் நாக்கும் நகமும் சொல்லும். வயலில் இலை பார்க்கிற நாம், திண்ணையில் விளையாடுகிற பிள்ளையின் முழங்கையை என்றைக்காவது திருப்பிப் பார்த்திருக்கிறோமா? அதைப் பற்றித்தான் இன்றைக்கு உங்களோடு பேசப் போகிறேன்.

சமத்துப் பிள்ளை

பல வருஷங்களுக்கு முன்னால் நடந்த ஒரு விஷயத்தைச் சொல்கிறேன். அது வானம் பார்த்த பூமி. மனையியல் பயிற்சிக்காக ஊர் ஊராகப் போய்க்கொண்டிருந்த சமயம், ஒரு விவசாயி வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்திருந்தேன். வசதி இல்லாத வீடு என்று சொல்ல முடியாது. இரண்டு கறவை மாடு, பத்துப் பன்னிரண்டு கோழி, கேணி மேட்டில் ஒரு முருங்கை மரம். காலையில் கறக்கிற பால் அப்படியே சொசைட்டிக்குப் போகும். முட்டை சந்தைக்குப் போகும். முருங்கைக்காய் வியாபாரியிடம் போகும். முருங்கைக் கீரை ஆட்டுக்குப் போகும்.

அந்த வீட்டுப் பேரனுக்கு நாலு வயது. பகலெல்லாம் ஓடியாடிக்கொண்டிருந்தவன், பொழுது சாய்ந்ததும் பாட்டி பக்கத்தில் வந்து உட்கார்ந்துவிட்டான். பாட்டி பெருமையாகச் சொன்னார்: "விளக்கு வைக்கிற நேரமாச்சுன்னா இவன் எங்கேயும் போறதில்லம்மா. சமத்தா ஒரே இடத்துல உக்காந்துக்குவான்."

கொஞ்ச நேரத்தில் அம்மா சாப்பிடக் கூப்பிட்டாள். பையன் எழுந்தான். கன்றுக்குட்டி கட்டியிருந்த முளைக்குச்சியில் தடுக்கி விழுந்தான். மறுபடி எழுந்து, சுவரைக் கையால் தடவிக்கொண்டே உள்ளே போனான். பாட்டி சொன்ன சமத்து, சமத்து அல்ல. பிள்ளைக்கு அந்த வெளிச்சத்தில் கண் தெரியவில்லை. மாலைக்கண்.

மறுநாள் சுகாதார நர்ஸ் அம்மாவை அழைத்து வந்து காட்டினோம். வெள்ளை விழியில், கருவிழிக்குப் பக்கத்தில், சோப்பு நுரை ஒட்டினாற்போல ஒரு சின்னத் திட்டு இருந்தது. "இன்னும் கொஞ்ச நாள் விட்டிருந்தால் கருவிழியே கெட்டிருக்கும்" என்றார் அந்த அம்மா. மரம் கேணி மேட்டில் நிற்கிறது. மருந்து அந்த மரத்திலேயே இருக்கிறது. ஆடு தின்கிறது, பிள்ளை தின்னவில்லை.

கண் சொல்வது

இந்த மாலைக்கண் வருவது வைட்டமின் ஏ குறைவால். மங்கல் வெளிச்சத்தில் பார்ப்பதற்குக் கண்ணின் உள்திரையில் ஒரு நிறப்பொருள் வேண்டும். அதைச் செய்ய வைட்டமின் ஏ தேவை. அது குறைந்தால் முதலில் அந்தியில் பார்வை போகும். பிறகு கண்ணின் ஈரம் வறண்டு, வெள்ளை விழியில் நுரைத் திட்டு தோன்றும். அதற்கும் மேலே போனால் கருவிழி இளகிப் புண்ணாகிவிடும். அந்த நிலையில் போன பார்வை திரும்பி வராது. அம்மை, வயிற்றுப்போக்கு வந்து பிள்ளை நலிந்திருக்கும்போது இது வெகு சீக்கிரம் நடந்துவிடும்.

நம் நாட்டில் 1970ஆம் ஆண்டு முதல் சிறு பிள்ளைகளுக்கு வைட்டமின் ஏ திரவம் கொடுத்து வருகிறார்கள். இப்போது ஒன்பதாவது மாதத்தில் ஆரம்பித்து, ஐந்து வயது முடிய ஆறு மாதத்துக்கு ஒரு தடவை கொடுக்கிறார்கள். ஆறு மாதத்துக்கு ஒரு தடவை போதுமா என்று கேட்கலாம். நாம் நெல்லைக் குதிரில் கொட்டி வைத்து எடுத்துச் செலவு செய்கிற மாதிரி, உடம்பு வைட்டமின் ஏ-யைக் கல்லீரலில் சேர்த்து வைத்துக்கொள்ளும். ஆனால் ஒன்று. நல்லதுதானே என்று நாமாக வாங்கி அதிகமாகக் கொடுக்கக் கூடாது. அளவு மீறினால் கெடுதல். நர்ஸ் கொடுக்கிற அளவுதான் அளவு. கீரையிலும் பழத்திலும் அந்தப் பயம் இல்லை.

மாலைக்கண் முன்னைப் போல இப்போது ஊருக்கு ஊர் காணப்படுவதில்லை என்பது சந்தோஷம். அதற்காகக் கண்காணிப்பை விட்டுவிடக் கூடாது.

தோல் சொல்வது

இனித் தோலுக்கு வருவோம். பிள்ளையின் முழங்கை, முழங்கால், தொடை, புட்டம் இந்த இடங்களைத் தடவிப் பாருங்கள். முள் முள்ளாக, அரம் போலச் சொரசொரவென்று இருக்கிறதா? தேரையின் முதுகு மாதிரி இருப்பதால் தேரைத் தோல் என்றே இதைச் சொல்வார்கள். இதற்கு வைட்டமின் ஏ குறைவு ஒன்றுதான் காரணம் என்று முன்பு நினைத்தார்கள். எண்ணெயில் இருக்கிற தேவையான கொழுப்புச் சத்தும், பி வைட்டமின்களும் குறைந்தாலும் இது வரும் என்று பின்னால் தெரிந்தது. ஆகவே கீரை மட்டும் போதாது. அந்தக் கீரையில் ஒரு கரண்டி நல்லெண்ணெயோ கடலை எண்ணெயோ சேரணும். எண்ணெய் சேர்ந்தால்தான் கீரையில் இருக்கிற வைட்டமின் ஏ-க்கான சத்தும் உடம்பில் ஒட்டும். வெறும் தண்ணீரில் வெந்த கீரையில் பாதிப் பலன் வீணாகிவிடும்.

கடைவாயில் வெடித்துப் புண் வருகிறதே, நாக்கு சிவந்து எரிகிறதே, அதை "சூடு" என்று சொல்லி விட்டுவிடுகிறோம். பெரும்பாலும் அது பி வைட்டமின்கள் குறைவு. பால், மோர், முட்டை, கீரை, முளைகட்டிய பச்சைப்பயறு இவற்றில் அது இருக்கிறது. இந்த வைட்டமின்கள் தண்ணீரில் கரைகிற ஜாதி. அரிசியை ஐந்து தண்ணீர் விட்டுக் கழுவினாலும், சோறு வடித்த கஞ்சியைக் கீழே கொட்டினாலும் அவை போய்விடும். இரண்டு தண்ணீர் போதும். வடிகஞ்சியை உப்புப் போட்டுக் குடிக்கலாம், குழம்பில் சேர்க்கலாம். பருப்பு சீக்கிரம் வேகட்டும் என்று ஆப்பச் சோடா போடுகிற பழக்கத்தையும் விட்டுவிடுங்கள். கீரையைக் கழுவிவிட்டு நறுக்கணும். நறுக்கிவிட்டுக் கழுவக் கூடாது.

வெயிலில் வேலை செய்கிறவர்களுக்கு ஒரு விஷயம். தக்காணப் பகுதியில் சோளச் சோற்றையும் சோள ரொட்டியையும் மட்டுமே தின்று, வெயிலில் உழைத்த ஏழை ஜனங்களுக்கு, வெயில் படுகிற இடமெல்லாம், கழுத்தைச் சுற்றி மாலை போட்டது போலவும், கைகளிலும் கால்களிலும், தோல் கறுத்துத் தடித்து உரிந்து போயிற்று. வயிறு கெட்டது. மனமும் பேதலித்தது. பெலாக்ரா என்று இதற்குப் பெயர். நம்ம சேலத்தில் பிறந்த டாக்டர் சி. கோபாலன் அவர்களும் கூட இருந்தவர்களும் ஐதராபாத்தில் இதை ஆராய்ந்து 1960இல் எழுதினார்கள். சோளம் கெட்ட தானியம் அல்ல. அதை மட்டுமே மூன்று வேளையும் தின்றதுதான் கெடுதல். அரிசிக்கும் இதே கதைதான். ஒரே உரத்தைப் போட்டுப் பயிர் எடுக்க முடியாது அல்லவா?

இன்னொரு குறியைப் பார்த்தால் உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். பிள்ளையின் தலைமுடி செம்பட்டையாகி, பிடுங்கினால் கையோடு வருகிறது. தோல் வெடித்துப் பட்டை பட்டையாக உரிகிறது. கால் வீங்கி, விரலால் அழுத்தினால் குழி அப்படியே நிற்கிறது. "பிள்ளை கொழுகொழுன்னு ஆயிட்டான்" என்று ஏமாந்துவிடாதீர்கள். அது சதை அல்ல, நீர். இது கடுமையான சத்துக் குறைவு. உயிருக்கே ஆபத்து.

கூடவே இதையும் சொல்லிவிடுகிறேன். தோலில் வருவதெல்லாம் சத்துக் குறைவு ஆகாது. முகத்திலும் முதுகிலும் வருகிற சாதாரணத் தேமல் பல சமயம் பூஞ்சாணத்தால் வருவது. ஆனால் வெளிறிய தேமல் இருந்து, அந்த இடத்தில் தொட்டாலும் கிள்ளினாலும் உணர்ச்சி இல்லை என்றால், அது தொழுநோயின் அடையாளமாக இருக்கலாம். வெட்கப்படாமல் ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போங்கள். மருந்து இலவசம், முழுக்கக் குணமாகும். கீரை தின்றால் போய்விடும் என்று காத்திருக்கக் கூடாது.

வெளிறிய முகம்

இனி நம் தாய்மார்கள் விஷயம். 2019-21 தேசிய குடும்ப நல ஆய்வில், தமிழ்நாட்டுப் பெண்களில் பாதிக்கு மேற்பட்டவர்களுக்கு ரத்த சோகை என்று தெரிந்தது. சின்னப் பிள்ளைகளிலும் பாதிக்கு மேல். கீழ் இமையை இழுத்துப் பாருங்கள். செக்கச்செவேலென்று இருக்க வேண்டிய இடம் வெளுத்திருக்கும். நகம் வெளிறி, சிலருக்குக் கரண்டி போலக் குழிந்திருக்கும். நாலு நடை தண்ணீர் தூக்கினால் மூச்சு வாங்கும். சில பெண்கள் பச்சரிசியை வாயில் போட்டு மென்றுகொண்டே இருப்பார்கள். சிலர் மண்ணும் சாம்பலும் தின்பார்கள். வீட்டில் திட்டுவோம். திட்டுவதற்கு முன் ரத்தத்தைப் பரிசோதனை செய்யுங்கள். இரும்புச்சத்துக் குறைவில் அப்படி ஆசை வருவது உண்டு.

நிலக்கடலைக்கு அன்னபேதி தெளிக்கிறோம் என்றேனே, அது இரும்பு சல்பேட். கர்ப்பிணிகளுக்குக் கொடுக்கிற மாத்திரையில் இருப்பதும் பெரும்பாலும் அதே இரும்பு உப்புதான், மருந்துக்கென்று சுத்தம் செய்தது. வயலுக்கு வாங்கினதை மனுஷருக்குக் கொடுத்துவிடாதீர்கள், அது விஷம். நாலாவது மாதத்திலிருந்து தினம் ஒரு மாத்திரை, 180 நாள் கொடுக்கிறார்கள். பிள்ளை பிறந்த பிறகும் 180 நாள். மலம் கறுப்பாகப் போகிறது என்று பயந்து பல பெண்கள் அதைப் பரணில் போட்டுவிடுகிறார்கள். கறுப்பாகப் போவதில் தவறில்லை. வயிற்றைப் பிரட்டினால் சாப்பாட்டுக்குப் பிறகு, ராத்திரி படுக்கப் போகும்போது சாப்பிடட்டும்.

சாப்பாட்டில் முருங்கைக் கீரை, கம்பு, பயறு, ஈரல், சுவரொட்டி எல்லாம் ரத்தம் ஊறுவதற்கு உதவும். கீரையிலும் தானியத்திலும் இருக்கிற இரும்பு லேசில் உடம்பில் ஒட்டாது. கூட ஒரு நெல்லிக்காயோ, எலுமிச்சை பிழிந்த ரசமோ, ஒரு கொய்யாப்பழமோ சேர்ந்தால் நன்றாக ஒட்டும். அவற்றில் இருக்கிற வைட்டமின் சி செய்கிற வேலை அது. அதே வைட்டமின் சி தோலுக்கும் ஈறுக்கும் உறுதி கொடுக்கும், புண் ஆற உதவும். சாப்பிட்ட கையோடு டீ குடித்தால் இரும்பு ஒட்டாமல் போகும். ஒரு மணி நேரம் தள்ளிக் குடியுங்கள்.

எவ்வளவு தின்றாலும் ரத்தம் ஊறவில்லை என்றால் கொக்கிப் புழுவை நினைத்துப் பாருங்கள். வெறுங்காலோடு ஈரமண்ணில் நடக்கும்போது, காலின் தோலைத் துளைத்துக்கொண்டே உள்ளே போய், குடலில் இருந்து ரத்தத்தை உறிஞ்சும். காலில் செருப்பு, வீட்டுக்கு ஒரு கக்கூஸ், பள்ளியிலும் அங்கன்வாடியிலும் தருகிற குடற்புழு மாத்திரை, இந்த மூன்றும் இருந்தால் அதற்கு வேலை இல்லை.

முதல் தரம் யாருக்கு?

இதுவரை சொன்ன சாமான்களில் கடையில் டப்பாவில் வாங்க வேண்டியது ஒன்றாவது உண்டா? எல்லாம் நாம் விளைவிப்பது. பிறகு ஏன் நம் வீட்டிலேயே குறைவு? நல்லதை எல்லாம் விற்றுவிட்டு, கழித்ததை வீட்டுக்கு வைத்துக்கொள்கிறோம். அதுதான் காரணம்.

நிலக்கடலையையே எடுத்துக்கொள்ளுங்கள். பருத்த பருப்பு மண்டிக்குப் போகிறது. சுருங்கினது, சொத்தை, பூஞ்சாணம் பிடித்தது வீட்டுக்கு. 1960இல் இங்கிலாந்தில் லட்சத்துக்கும் மேற்பட்ட வான்கோழிகள் செத்தன. காரணம், அவற்றுக்குப் போட்ட கடலைப் புண்ணாக்கில் இருந்த பூஞ்சாண விஷம். அப்ளாடாக்சின் என்று பெயர். அது மனுஷருக்கும் கல்லீரலைக் கெடுக்கும். வறுத்தாலும் வேகவைத்தாலும் முழுக்கப் போகாது. ஆகவே பூஞ்சாணம் பிடித்த கடலையைப் பிள்ளைக்கும் கொடுக்காதீர்கள், மாட்டுக்கும் வைக்காதீர்கள். நன்றாகக் காய்ந்த, பருத்த கடலையில் ஒரு பங்கை வீட்டுக்கு எடுத்து வையுங்கள். நல்ல கடலையில் கால் பங்கு புரதம். ஒரு கைப்பிடிக் கடலையும் ஒரு உருண்டை வெல்லமும் பள்ளிக்கூடம் விட்டு வருகிற பிள்ளைக்கு எவ்வளவோ நல்லது.

பசுவும் கன்றும் பார்த்துக்கூட நாம் ஒன்று கற்றுக்கொள்ளலாம். கன்று போட்டவுடன் சீம்பால் குடிக்காவிட்டால் கன்று தேறாது என்று நமக்குத் தெரியும். ஆனால் பெற்ற பெண்ணின் சீம்பாலைக் கெட்ட பால் என்று பீய்ச்சிக் கொட்டுகிற வழக்கம் சில வீடுகளில் இருந்தது. வைட்டமின் ஏ-யும் நோய் எதிர்ப்புச் சக்தியும் நிறைந்த பால் அதுதான். பிறந்த ஒரு மணி நேரத்துக்குள் கொடுக்கணும். ஆறு மாதம் தாய்ப்பால் மட்டும். அதன் பிறகு தாய்ப்பாலோடு கேழ்வரகுக் கூழ், பருப்பு மசித்த சோறு, கீரை மசியல், பழுத்த பப்பாளி. கேழ்வரகு 100 கிராமில் 350 மில்லிகிராம் வாக்கில் சுண்ணாம்புச் சத்து இருக்கிறது. எலும்புக்கும் பல்லுக்கும் அது வேணும்.

வீட்டுக்குப் பின்னால் இரண்டு சென்ட் இடம் இருந்தால் போதும். பாத்திரம் கழுவுகிற தண்ணீர், குளிக்கிற தண்ணீர் பாய்கிற இடத்தில் இரண்டு பப்பாளி, ஒரு முருங்கை, ஒரு அகத்தி, ஒரு எலுமிச்சை, பாத்தியில் சிறுகீரை, தண்டங்கீரை. பெரியகுளத்தில் உருவான பி.கே.எம். 1 செடிமுருங்கை விதை போட்டால் ஆறு மாதத்தில் காய் பார்க்கலாம். கீரை அதற்கும் முன்னாலேயே கிடைக்கும். பூச்சி மருந்து அடித்த வயலின் வரப்பில் கீரை பறித்து வராதீர்கள்.

எவ்வளவு நாளில் குணம் தெரியும் என்று கேட்பீர்கள். ஜிங்க் தெளித்த பிறகு பழைய இலையின் புள்ளி மறையாது. புதிதாக வருகிற இலைதான் பச்சையாக வரும். தோலும் அப்படியே. அடியில் உண்டான புதுத்தோல் மேலே வர ஏறக்குறைய ஒரு மாதம் ஆகும். நாலு நாள் கீரை கொடுத்துவிட்டு ஒன்றும் தெரியவில்லையே என்று நிறுத்திவிடாதீர்கள். மேலே தடவுகிற கிரீம் மேலேதான் நிற்கும். தோலுக்குச் சோறு உள்ளே இருந்துதான் வரணும்.

விவசாயி எவ்வளவு கஷ்டம் வந்தாலும் விதை நெல்லில் கை வைப்பதில்லை. களத்தில் முதலில் ஒதுக்குவதே அதைத்தான். அதே மாதிரி பிள்ளைப் பங்கு என்று ஒன்றை ஒதுக்குங்கள். சொசைட்டிக்குப் போகிற பாலில் ஒரு டம்ளர். சந்தைக்குப் போகிற முட்டையில் பிள்ளைக்கு ஒன்று, தாய்க்கு ஒன்று. மண்டிக்குப் போகிற கடலையில் ஒரு மரக்கால். ஆட்டுக்குப் போடுகிற முருங்கையில் தினம் ஒரு கைப்பிடிக் கீரை. வீட்டில் கடைசியாகச் சாப்பிடுகிறவள் மருமகள் என்றால், அவள் பங்கை முதலிலேயே எடுத்து மூடி வையுங்கள்.

ஆரம்பத்தில் சொன்ன பையன் என்ன ஆனான் என்று சொல்லி முடிக்கிறேன். நர்ஸ் அம்மா வைட்டமின் ஏ திரவம் கொடுத்த இரண்டாம் நாளே அந்தியில் முற்றத்தில் ஓடினான். அந்தப் பாட்டி அன்றிலிருந்து மரத்துக் கீரையை முதலில் வீட்டுக்குப் பறித்தார், மிச்சம்தான் ஆட்டுக்கு. இன்றைக்கு அவன் பெரிய விவசாயி. ராத்திரி எத்தனை மணிக்குக் கரண்ட் வந்தாலும் தனியாகக் கேணிக்குப் போய் மோட்டார் போட்டு, வரப்பு மேலேயே நடந்து மடை திருப்பிவிட்டு வருகிறான்.

நாளைக் காலையில் வயலுக்குப் புறப்படுவதற்கு முன்னால், பிள்ளையை வெளிச்சத்தில் நிறுத்திக் கண்ணையும் உதட்டையும் முழங்கையையும் ஒரு தரம் பாருங்கள். பிறகு வரப்புக்குப் போகலாம்.